பின்சட்டத்துக்குள் பனியன் வேஸ்ட்

இரும்பில் விழுந்த ஓட்டையைப் பனியன் துணியால் அடைக்கலாம் என்று நம்பியவன் திருப்பூர் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நிற்கவில்லை, அடைத்தும் காட்டினேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. அந்த லட்சணத்துக்கு, இன்றைக்கு என் பிழைப்பே ஓட்டை கண்டுபிடிப்பதுதான். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணியை ஓடவிட்டு, எங்கே பொத்தல் என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற செக்கிங் வேலை. "இவன் கண்ணுக்கு ஒரு பொத்தலும் தப்பாதுங்க" என்று மேனேஜர் யாரிடமாவது பெருமையடிக்கும்போது, நான் கீழே விழாத பேனாவைத் தேடி மேசைக்கடியில் குனிந்துகொள்வேன்.

மண்ணரையில் நாங்கள் குடியிருந்த காலம். அப்பாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. சாயப்பட்டறைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிப்போவார். துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் குழம்புக்குப் போடுகிற அளவில் இல்லை, மூட்டை மூட்டையாக. திரும்பி வரும்போது சாயமேறிய ஈரத்துணியை ஏற்றி வருவார். போகும்போது சிந்திய உப்பும், வரும்போது சொட்டிய தண்ணீரும் பலகை இடுக்கு வழியாக இறங்கி, வருடக்கணக்கில் வண்டியின் அடிவயிற்றைத் தின்றுகொண்டிருந்தன. மேலே பார்த்தால் வேன் மாப்பிள்ளை போல இருக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவிச் சந்தனம் வைப்போம், சந்தனம் வைக்கிற பக்கத்தில் துரு இல்லை.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் வண்டி பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. அப்பா அதை மாமாவின் பட்டறைக்குக் கொண்டுபோனார். மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வெல்டிங் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊருக்குள் பேச்சு. மாமா வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகத்தில் துரு சடசடவென்று கொட்டியது.

"மச்சான், இது ஃபிரேம் இல்லீங்க, அப்பளம்" என்று அடியிலிருந்தே சொன்னார்.

பின்சக்கரம் இரண்டையும் வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்தைத்தான் அப்படிச் சொன்னார். புதுசு கிடைக்காத அளவுக்கு வண்டிக்கு வயதாகிவிட்டது. கழற்றி, துருவைச் சுரண்டி, இற்ற இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, மறுபடியும் மாட்டுவது ஒன்றே வழி.

"நோம்பிக்குள்ள ஆகுமா மாப்ளே? ஆயுத பூசைக்கு வண்டி நாலு காலோட நிக்கோணும்" என்றார் அப்பா.

"நிக்கும்ங்க."

கழற்றவே இரண்டு நாள் ஆனது. நான்கு போல்ட்டிலும் டீசலை ஊற்றி ஊறவைத்தார் மாமா. மூன்று போல்ட்டுகள் கேஸ் நெருப்புக்கு மசிந்து முனகிக்கொண்டே வந்தன. நாலாவதன் தலை மட்டும் ஸ்பேனரோடு கையில் வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட, அதைத் துளை போட்டு எடுத்தார். பிறகு ஜாக்கியை இறக்க இறக்க, சட்டம் செத்த மாடு மாதிரி கனத்துக் கீழே வந்தது.

காலாண்டு லீவு என்பதால் துரு தேய்க்கும் வேலை எனக்கு. கம்பி பிரஷ்ஷைக் கொடுத்து, "வெள்ளை இரும்பு தெரியற மட்டும் தேய்க்கோணும் கண்ணு" என்றார் மாமா. துடைக்கப் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை கிடந்தது. அக்கா வேலை செய்த கம்பெனியில் கழித்துப்போட்ட ஆரஞ்சுத் துணி. அக்காவே தலையில் வைத்துக் கொண்டுவந்து போட்டிருந்தாள். அவள் பதினேழு வயதில் ஓவர்லாக் டெய்லர். மிஷினில் உட்கார்ந்தால் வலதுகால் பெடலில் ஆடுவது கண்ணுக்கே தெரியாது, துணி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பட்டறைக்கு வந்தால் என்னைக் கலாய்க்காமல் போகமாட்டாள்.

"மாமா, இவன் தேய்க்கறதப் பாருங்க. பூனைக்குத் தடவிக் குடுக்கறானாட்டம் இருக்குது."

மேல்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் தேய்த்தேன். வலது சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் என்ற இரும்புக் கை வந்து சேருகிற உள்மூலையில் மட்டும் கை நுழையவில்லை. நுழைத்தால் முட்டி உரசி ரத்தம் வந்தது. சுத்தியலும் அங்கே எட்டாது, தேய்த்துப் பார்த்தால்தான் இரும்பின் லட்சணம் தெரியும். நான் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, துருவுக்கு மேலேயே ரெட் ஆக்சைடு என்கிற சிவப்புப் பெயிண்ட்டைத் தாராளமாகப் பூசிவிட்டேன். சிவப்பு அடித்துவிட்டால் நல்ல இரும்பும் கெட்ட இரும்பும் ஒரே மாதிரி இருக்கும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மாமா நாலு இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தார். மாட்டுவதற்கு முன்னால் கேட்டார்: "உள்மூலை தேச்சயா கண்ணு? உப்புத் தண்ணி அக்கட்டதான் தேங்கும்."

"தேச்சுட்டனுங்க மாமா. வெள்ளியாட்டம் மின்னுச்சு, அப்பறந்தான் செவப்பு அடிச்சேன்."

"பொத்தல் கித்தல்?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் என்னை நம்பினார். அன்று சாயங்காலமே சட்டம் வண்டியில் ஏறியது.

மறுநாள் ஆயுத பூசை. காலையிலேயே மாமா சுத்தியல், ஸ்பேனர், வெல்டிங் ஹோல்டர், பள்ளத்தை நிரவப் பட்டி இழுக்கும் தகடு என்று எல்லாவற்றையும் கழுவி, வாழையிலையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டார். இலையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை முடிகிறவரை யாரும் தொடக்கூடாது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எந்தப் பனியன் கம்பெனியிலும் ஓர் ஊசி அசையாது. "அடியில கருப்பு ஒரு கை அடிச்சுப்போடு. நான் பூவும் பூசணிக்காயும் வாங்கியாறேன்" என்று மாமா கிளம்பினார். பெயிண்ட் பிரஷ்ஷை அவர் இலையில் வைக்கவில்லை. ஆகவே அது ஆயுதமில்லை என்று நான் முடிவுகட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தேன்.

அந்த உள்மூலையில் பிரஷ் பட்டதும் சிவப்பு ஒரு பொறுக்காக உரிந்து என் மூக்கின்மேல் விழுந்தது. விரலால் தொட்டேன், இன்னொரு பொறுக்கு. அழுத்தினேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

படுத்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தேன். சொன்னால், முந்தின நாள் சொன்ன பொய் வெளியே வரும். சுத்தியல் இலைமேல் இருக்கிறது, எடுக்க முடியாது. பூசை நேரத்துக்கு வண்டி முடமாக நின்றால் அப்பாவுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. இதெல்லாம் பெரிய மனிதக் காரணங்கள். உண்மையான காரணம், பூசை முடிந்து எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை நகர்த்தும்போது ஸ்டியரிங்கை நான் பிடிக்கலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆரஞ்சு வேஸ்ட்டைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தேன். திணிக்கத் திணிக்கப் போய்க்கொண்டே இருந்தது. அதன்மேல் பட்டியைக் குழைத்துப் பூசினேன், அதையும் விரலால்தான். தகடு இலையில் இருந்ததே, தெய்வகுற்றம் வந்துவிடக் கூடாதல்லவா? பட்டி காய்ந்ததும் கருப்பு அடித்தேன். வெளியே வந்து பார்த்தால் சட்டம் புத்தம் புதுசாக மின்னியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சாயங்காலம் பூசை தடபுடலாக நடந்தது. நான் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நாலு பழமும் நசுங்கின. "கலெக்டர் வண்டியெடுக்கறாரு, எல்லாம் தள்ளி நில்லுங்க" என்று அக்கா பொரியை வாயில் போட்டுக்கொண்டே கத்தினாள்.

நாலு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பா உப்பேற்றிக்கொண்டு போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்திலும் அக்காவைக் கம்பெனியிலும் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரே சீட்டு. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"தொரை முன்னால உக்காருங்க. நாங்க உப்பு மேல வர்றோம்."

பின்கதவைச் சாத்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பாலத்தை ஒட்டிய இறக்கத்தில் ஒரு பள்ளம். வேகமாகக்கூடப் போகவில்லை. பின்னால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். வலதுபக்கச் சக்கரம் உள்ளே மடங்கியது. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து தரையில் உரசிக்கொண்டு போய் நின்றது. மூட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்தன. அப்பா பின்கதவைத் திறக்க முடியாமல் உலுக்கிக்கொண்டிருந்தார். நான் முன்சீட்டிலேயே இருந்தேன். புத்தகப் பை மடியிலிருந்து விழவில்லை. அக்கா ஒரு தடவை அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

ஓடிவந்தவர்கள் மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசி மூட்டை கிழிந்திருந்தது, அதிலிருந்த உப்பு சிவப்பாக இருந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் வலதுகாலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நேராக அங்கேதான் வந்தார், நானும் கூட இருந்தேன். மாமா அடியில் படுத்து, கிழிந்த இடத்தில் விரலை விட்டார். ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். ஆரஞ்சுத் துணி வந்தது, முழம் முழமாக, மந்திரவாதி வாயிலிருந்து ரிப்பன் வருகிற மாதிரி. அவருக்கு நேர் எதிரில், வண்டியின் அந்தப் பக்கத்தில், நான் குந்தி உட்கார்ந்திருந்தேன். மாமா துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணியைச் சுருட்டி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மாப்ளே உட்டுச்சு?" என்றார் அப்பா.

"வெல்டிங்கு உட்டுப்போச்சுங்க மச்சான். எம்பட தப்புதானுங்க."

அப்பா கை ஓங்கவில்லை. "இனி எம்பட ஊட்டு வாசல மிதிச்சராத" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. மாமா ஏமாந்துவிட்டார், துணி எங்கிருந்து வந்ததென்று அவருக்குப் புரியவில்லை, வெல்டிங்தான் காரணமென்று அவரே நம்பிவிட்டார் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஒரு வெல்டிங்காரனுக்குக் கையைவிடப் பெயர்தான் முதல் என்பது எனக்குத் தெரியாது. "சொந்த அக்கா புள்ள காலையே வாங்கிட்டான், நம்ம வண்டிய உடறதா?" என்று ஒருவர் டீக்கடையில் சொல்லக் கேட்டேன். அதன்பிறகு பட்டறை வாசலில் வண்டிகள் நிற்கவில்லை. தீபாவளிக்கு மாமா வரவில்லை. அம்மா அவருக்கென்று எடுத்துவைத்த பலகாரத்தைப் பொங்கல்வரை யாரையும் தொடவிடவில்லை, பூசணம் பூத்த பிறகு அவளே கொண்டுபோய்க் கொட்டினாள். அக்கா ஒற்றைக்காலோடு சுவரைப் பிடித்து நடக்கப் பழகினாள். என்னைக் கலாய்ப்பதை விட்டுவிட்டாள்.

தை பிறந்ததும், மாமா பட்டறையைக் காலி செய்துவிட்டு மடத்துக்குளம் பக்கம் போவதாகச் சேதி வந்தது. அங்கே யாரோ தோட்டத்தில் கேட்டுக்கும் கூண்டுக்கும் பற்றவைக்கிற கூலி வேலை. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் தூக்குப்போசியில் சோறு கட்டி என்னிடம் கொடுத்தாள். "மாமன் கையில குடுத்துட்டு ஓடியாந்துரு சாமி. அப்பனுக்குத் தெரிய வேண்டா."

நான் போனபோது தகரக் கொட்டகை பிரிந்து கிடந்தது. கேஸ் சிலிண்டர், வெல்டிங் மிஷின், ஒரு பாய், ஒரு ஸ்டவ். மொத்தப் பட்டறையும் ஒரு குட்டி டெம்போவில் அடங்கி, இடம் மீதி இருந்தது. மாமா இளைத்துப்போயிருந்தார். போசியை வாங்கி முன்பக்கம் வைத்துவிட்டு, டெம்போவில் ஏறி, சாமான்மேல் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையை என் பக்கம் எறிந்தார்.

அவர் போய்விட்டால் அம்மா அழுவாள் என்பதுதான் எனக்குத் தோன்றியது. போகாமல் நிறுத்த என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. சொன்னால் இறங்கி வந்து என்னை நாலு அறை அறைவார், பிறகு சாமான்களை இறக்கிவைப்பார், அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வார்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவரை அந்த டெம்போவில் ஏற்றிவிட்டது எது என்றோ, நான் சொல்லித் தெரிந்துகொள்ள அவருக்கு அதில் எதுவும் மீதமில்லை என்றோ எனக்குப் புரியவில்லை. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு, நான் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அந்தப் பொத்தலுக்குள்ள வேஸ்ட்டு வெச்சு அடைச்சது நாந்தானுங்க."

அவர் முடிச்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கயித்த இறுக்கிப் புடி."