அவருக்கு ஒரு நாற்காலி

எதிர்வீட்டு நாயை இங்கே 'ஹீ' என்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு வந்த புதிதில் அந்த வீட்டம்மாள் நாய்ச் சங்கிலியைப் பிடித்தபடி, "ஹீ இஸ் வெரி ஹங்க்ரி" என்றாள். பாவம், அவள் புருஷன் இன்னும் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மகள் விளக்கிச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாய்க்கும் ஹீ, பஸ் டிரைவருக்கும் ஹீ, என் வீட்டுக்காரருக்கும் அதே ஹீயா?

அச்சரப்பாக்கத்தில் நான் 'அவரு' என்றால் அது ஒரே ஒருவர்தான். தாலி கட்டின நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். திருக்கழுக்குன்றத்து மலைமேல் இருக்கும் சாமியின் பெயர் அது. அதனால் சாமியையும் 'மலைமேல இருக்கிறவரு' என்றுதான் கும்பிட்டேன். ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் யாராவது பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் மகள் எனக்காகச் சொல்லிவிடுவாள்.

கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். கூட்டத்தில் அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏங்க!" என்று கத்தினேன். ஏழெட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா, அத்தினி பேரையும் வூட்டுக்கு இட்டுகினு போலாமா?" என்றார்.

போன வருடம் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் மகள் வீட்டைப் பூட்டி என்னைத் தன்னோடு அழைத்து வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் இங்குள்ள நூலகத்தில் ஜேனட் என்ற பெண்மணி எங்களைப் போன்றவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஹீ, ஷீ போட்டுச் சொல்லுங்கள் என்றாள் ஒருநாள். என் முறை வந்தபோது, "ஹீ கெட்ஸ் அப் ஃபைவ் ஓ கிளாக். ஹீ டிரிங்ஸ் காபி. ஹீ நோ ஷுகர்" என்றேன். ஜேனட் கைதட்டினாள். அடுத்த வாரம் தேநீர் விருந்து, அவரையும் கூட்டி வாருங்கள் என்றாள்.

இறந்துவிட்டார் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. மகள் அதைத்தான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் அவர் போன பிறகு, அவர் வருவார் என்று எதிர்பார்த்த முதல் ஆள் ஜேனட்தான். தலையை ஆட்டிவிட்டேன். அந்த வாரம் முழுக்க என்னை அறியாமல் சர்க்கரை போடாத காபி ஒன்று கூடுதலாகக் கலந்துகொண்டிருந்தேன். மாடிப்படி முனகினால் அவர்தான் இறங்கி வருகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, வேண்டியும் இருந்தது.

விருந்தன்று என் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. எல்லா நாற்காலிக்கு முன்னாலும் பெயர் அட்டை இருந்தது, அதன் முன்னால் இருந்த அட்டை மட்டும் வெள்ளை. "வாட் இஸ் ஹிஸ் நேம்?" என்று ஜேனட் பேனாவோடு நின்றாள். நான் வாசலைப் பார்த்தேன். நல்லவேளை, என்னைக் கூட்டிப்போக மகள் சீக்கிரமே வந்துவிட்டாள். ஜேனட் அவளிடம் அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "இன்னாம்மா சொல்லி வெச்சிருக்க இவங்களாண்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலடி. ஹீன்னேன். அவங்களே உசுரு குடுத்துட்டாங்க."

"தப்பும்மா. நான் சொல்லிடறேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொன்னா அந்த நாற்காலிய எடுத்துடுவாங்கடி."

அவள் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியைப் பார்த்தாள். பிறகு, ஊரில் சொல்வது போலவே, எனக்காக அவர் பெயரைச் சொன்னாள். "ஹீ காண்ட் கம் டுடே" என்றும் சொன்னாள். ஜேனட் பெயரை எழுதி வைத்துவிட்டு, அவருக்கென்று ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

கடலோரமாக வீட்டுக்கு நடந்தோம். அச்சரப்பாக்கத்தில் பூட்டிய வீட்டுக்குள் அவர் மாலை போட்ட படம். இந்த ஊரில் இன்றைக்கு வரமுடியாமல் போன மனிதர். மகள் முன்னால் போய்விட்டாள். கையில் கேக்கோடு, "ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். முன்னால் போன ஆண்களில் ஒருவரும் திரும்பவில்லை. பாதை குறுகல். அவர் எப்போதும் எனக்கு முன்னால் நடப்பவர். மகளுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடம் விட்டு, பின்னாலேயே நடந்தேன்.