பூஜைக்கு வைத்த காரின் இடது டயர்

சரஸ்வதி பூஜைக்குச் சாமான் எடுத்து வைக்கும்போது எங்கள் வீட்டில் எதற்கும் விலக்குக் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடப் புத்தகங்கள், விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா, கணவரின் கால்குலேட்டர், பெண்ணின் புத்தகங்கள், கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் பலகையில் ஏறிவிடும். பழைய கார் ஒன்று வாங்கிய வருஷத்திலிருந்து அதன் ஜாக்கியும் வீல் ஸ்பானரும் சேர்ந்துகொண்டன. கணவர் அவற்றை மண்ணெண்ணெயில் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து வைப்பார். எங்கள் ஊர் வழக்கப்படி அஷ்டமி சாயங்காலம் விளக்குக் காட்டிவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை அவை சரஸ்வதியின் சொத்து. யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. கார் உள்ளே வராதே, அதனால் வாசலில் நின்றபடியே அதற்கும் பூஜை, அதற்கும் அதே சட்டம்.

அந்த வருஷம் உள்ளே விளக்குக் காட்டி முடித்த பிறகுதான் நான் சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கார் நிறுத்தினால் நடுவில் ஒரு சைக்கிள் போக இடம் இருக்கும், அவ்வளவுதான். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, மூன்று டயருக்குப் பொட்டு வைத்துவிட்டு, முன்பக்கத்து இடது டயருக்கு வந்தேன். பக்கவாட்டில் சந்தனம் தடவிய விரல் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. குனிந்து பார்த்தேன். ரப்பர் எலுமிச்சம்பழத்தை உள்ளே அடக்கிக்கொண்டதுபோல உப்பியிருந்தது.

அது வீங்கியதற்குக் காரணம் இருந்தது. பெண் லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, பாலராமபுரம் வரை கைத்தறி முண்டு வாங்கப் போயிருந்தோம். திரும்பும்போது எதிரே வந்த லாரி ஒன்று எதையோ முந்திக்கொண்டு எங்கள் பக்கமே வந்தது. அவள் இடது பக்கம் ஒடித்தாள். சக்கரம் தாரை விட்டு இறங்கி, ஓடைக்கு மேல் கட்டியிருந்த ஒரு கலுங்கின் ஓரக்கல்லில் 'டம்' என்று மோதி, மறுபடி மேலே ஏறியது. லாரி போய்விட்டது. இறங்கிப் பார்த்தோம். வீல் கப்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். காற்று இறங்கவில்லை. அவள் சிரித்தாள். "ஒண்ணும் இல்லேம்மா, பேடிக்காதே" என்றாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்த லாரியின் முகப்பில் தொங்கிய மாலையில் எந்தெந்தப் பூ வாடியிருந்தது என்பதுகூட இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

விஜயதசமி அன்று நாகர்கோவிலில் என் நாத்தனாரின் புது வீட்டில் பால் காய்ச்சுவதாக இருந்தார்கள். சாப்பாட்டு வேளைக்காவது நாங்கள் அங்கே இருக்க வேண்டும். பெண்தான் ஓட்டுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதே சாலை, அதே கலுங்கு, அதே டயர்.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்திப் பார்த்தார்.

"பட்டன் எல்லாம் தேயாமப் புதுசா இருக்கே. போன வருஷம் போட்ட டயராக்கும் இது" என்றார்.

"வீங்கியிருக்கே, ஏன்னா!"

"வீங்கினா என்ன? உள்ளே ட்யூப் இருக்கு. காத்து அதிலேதானே நிக்கறது?"

"சரி, ஸ்டெப்னியை மாட்டிடுங்கோ."

"ஸ்டெப்னி மொட்டை டயர். துலாவர்ஷ மழையிலே மொட்டையிலே போறதைவிட வீக்கத்திலே போறது தேவலை, கேட்டியா?" சற்று யோசித்தவர் தொடர்ந்தார்: "அதுவும் போக, எதை வச்சு மாத்தறது? ஜாக்கி பூஜையிலே இருக்கு."

ஆமாம். ஜாக்கி குங்குமப் பொட்டோடு என் பாடப் புத்தகங்களின் மேல் சாய்ந்திருந்தது.

நவமி முழுவதும் படிக்கவும் எழுதவும் கூடாது என்பது கவலைப்படுகிறவர்களுக்கு விதித்த தண்டனை. நாளிதழைக்கூடப் பிரிக்க முடியாது. செய்ய ஒன்றும் இல்லாததால் நான் போய்ப் போய்க் காரைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாமி கோலத்துக்குத் தண்ணீர் தெளித்தபடி, "என்ன மாமி, காருக்குப் பிரதட்சிணமா? பொண்ணுக்கு நல்ல வரன் வரட்டும்னா?" என்று கேட்டாள். வீக்கம் பெரிதாகிக்கொண்டே வருவதாக எனக்குத் தோன்றியது. பெண் வந்து பார்த்து, "நீ பாக்கப் பாக்கத்தான் அது வளர்றது" என்றாள்.

கடைசியில் ஆரியசாலையில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். திருநெல்வேலிக்காரர், எங்கள் டயர்கள் எல்லாம் அவரிடம் வாங்கியவைதான்.

"கடையும் பூசையிலதாம்மா இருக்கு" என்றார். "நாளைக்கிக் காலைல பூசை எடுத்ததும் மொத போணி உங்களுக்குத்தான். அந்த வீக்கத்த அமுக்கினா அமுங்குதா, கல்லு மாதிரி இருக்கா? அமுங்கினா மாத்திரணும்."

அமுக்கிப் பார்க்கலாமா என்பதில் வீட்டில் சண்டை. பூஜையில் வைத்த பொருளைத் தொடுவது தப்பு என்றார் கணவர். தொடுவது வேறு, உபயோகிப்பது வேறு என்றேன் நான். காக்கா நேற்றிலிருந்து கார் மேல் உட்கார்ந்திருக்கிறதே, அது எந்தக் கணக்கு என்று பெண் கேட்டாள். நான் போய் அமுக்கினேன். அமுங்கியது.

"நீ அமுக்கினா எல்லாமே அமுங்கும்" என்றார் கணவர். "அவர் கடைக்காரர். மாத்துன்னுதான் சொல்வார்."

சாயங்காலம் நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது பெண் வந்து கதவருகே நின்றாள். தேங்காய்த் துருவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"அம்மா, அன்னிக்கு எனக்கும் பயமாத்தான் இருந்தது. ஸ்டீயரிங்கை விடாமப் பிடிச்சிண்டதே அதனாலேதான்."

"சிரிச்சியேடீ!"

"அழுதா நீ மறுபடி சாவியைத் தருவியா?"

நான் சுண்டலைக் கிளறினேன். அவ்வளவு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அசைந்து கொடுத்தது. இவளுக்குப் பயமே கிடையாது என்பதுதான் என் பெரிய பயமாக இருந்திருக்கிறது. பயம் தெரிந்தவள் பார்த்து ஓட்டுவாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தோம். அன்றைக்கு அவரவர் வேலையைக் கொஞ்சமாவது தொட்டுத் தொடங்க வேண்டும். கணவர் கால்குலேட்டரில் எதையோ கூட்டினார். நான் ஒரு பாடத்தின் முதல் பத்தியைப் படித்தேன். பெண் புத்தகங்களை விட்டுவிட்டு, குங்குமத்தோடு இருந்த வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"என்னடி இது, வித்யாரம்பமா?" என்றார் அவள் அப்பா.

"இதுவும் வித்தைதானேப்பா. வாங்கோ, ஜாக்கியைக் கொண்டு வாங்கோ."

நட்டைக் கழற்ற ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தாள். பாவாடை தாவணி கட்டுவதில்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்வேன். அன்றைக்கு அவள் சூடிதார் போட்டிருந்தது எவ்வளவோ நல்லதாகப் போயிற்று. மொட்டை ஸ்டெப்னியை மாட்டி, ஆரியசாலைக்கு ஊர்ந்து போனோம்.

அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு கடையைத் திறந்து வைத்திருந்தார். டயரைக் கழற்றி உள்பக்கத்தை விரித்துக் காட்டினார். வீக்கத்துக்கு நேரே நூல்கள் அறுந்து பஞ்சுபோல நின்றன. கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"இது ஓடவே ஓடாதா?" என்றார்.

அண்ணாச்சி சங்கடப்பட்டார். நல்ல நாளில் முதல் போணியை வாக்குவாதத்தில் தொடங்க அவருக்கு விருப்பமில்லை. "முன்னால வேண்டாம் சார். பின்னால போட்டு ஓட்டுற ஆளும் உண்டு. எத்தன நாளைக்கின்னு நாஞ் சொல்ல மாட்டேன்."

கணவரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? சாரமில்லை, ஒண்ணும் ஆகாது. பின்னாலே போட்டுடலாம்."

பெண் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "முன்னாலே அம்மாவும் நானும். பின்னாலே யார் ஒக்காரப்போறா?"

கணவர் காரின் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இடது பக்கம் போடட்டுமா, வலது பக்கம் போடட்டுமா? நீங்க எந்தப் பக்கம் ஒக்காருவேள்ப்பா?"

அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் தெருவைப் பார்த்தேன். கணவர் டயரை ஒரு தடவை, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, "புதுசே போட்டுடுங்கோ அண்ணாச்சி" என்றார்.

புது டயர் ரப்பர் வாசனையோடு முன்பக்கம் ஏறியது. நேமம் தாண்டியதும் மழை பிடித்தது. பாலராமபுரம் நெருங்கும்போது அவள் வேகத்தைக் குறைத்தாள். கலுங்கின் கல்லைத் தாண்டியதும் மறுபடி கியரை மாற்றினாள். களியக்காவிளைக்கு அப்பால் மழை விட்டது. பின் சீட்டில் கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவருக்குப் பக்கத்தில் பால் காய்ச்சுகிற வீட்டுக்கு வாங்கிய வெண்கலப் பானை இடமும் வலமுமாக உருண்டுகொண்டிருந்தது.

மார்த்தாண்டம் சந்தைக் கூட்டத்தில் எதிரே ஒரு பஸ் வந்தது. அவள் ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டாள். அது போன பிறகும் கார் நகரவில்லை. என்னவென்று திரும்பினேன்.

"அம்மா, காலை எடு" என்றாள் அவள். "உன் பக்கத்திலே பிரேக் கிடையாது."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரை விரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். அவள் கியரைப் போட்டாள்.