பாஸ் சொன்னால் சரி

கண்டியில் பழைய வாகனம் வாங்குகிற யாரும் தனியாகப் போவதில்லை. கூடவே ஒரு பாஸ் போவார். பாஸ் என்றால் முதலாளி அல்ல, கராஜ் மெக்கானிக். அவர் பொனெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. வண்டி நமக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விற்பவரின் மனம் நோகாமல் கழன்று வர வேண்டும் என்றால், முதல் நாளே பாஸிடம் சொல்லி வைப்போம். அவர் உதட்டைப் பிதுக்கி, "எஞ்சின்ல ஒரு சத்தம் ஈக்குது" என்பார். நாமும், என்ன செய்வது, பாஸ் வேண்டாமென்கிறாரே என்று வருத்தப்பட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

இந்த வித்தையை நான் என் மனைவியிடமே காட்டினேன்.

அவள் பருத்தித்துறைப் பக்கம் கடற்கரையில் வளர்ந்தவள். அப்பாவின் படகைப் பத்து வயதிலேயே ஓட்டியவளாம். நான் மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்தவன். முழங்காலுக்கு மேல் தண்ணீரை ஓடையில்கூடப் பார்த்ததில்லை. அவள் ஆஸ்பத்திரித் தாதியாகவும் நான் கணக்கு வாத்தியாராகவும் கண்டிக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, முப்பது வருடம் இங்கேயே இருந்துவிட்டோம். இத்தனை காலத்தில் அவள் எதையும் வேண்டுமென்று கேட்டவள் அல்ல. ஓய்வு பெற்ற கிழமை மட்டும் ஒன்று கேட்டாள்.

"பழசெண்டாலும் பரவாயில்லை, ஒரு போட் வாங்குவம். திருகோணமலையிலை சித்தியின்ரை வளவிலை விடலாம். விடிய மீன் பிடிக்கிறது, கடல் படுத்துக் கிடக்கிற மாசங்களிலை கரையோரமா அப்பிடியே வடக்காலை போறது. நீங்களும் நானும்."

"அதுக்கென்ன, வாங்கிட்டா போச்சு" என்றேன். வாய் மட்டும்தான் சிரித்தது. கடல் என்றால் எனக்கு அவ்வளவு பயம். கரையில் நிற்கும்போது பாதத்துக்குக் கீழே மணல் இழுபட்டாலே இரண்டடி பின்னால் போய்விடுவேன். காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கணுக்கால் நனைப்பதோடு என் கடல் முடிந்துவிடும். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த ஆசையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வேறு பேச்சுப் பேசியிருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடலில் போகவும் தைரியம் இல்லை.

முதல் படகை நானே கண்டுபிடித்தேன். தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கத்தில், கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரில் நின்றது. போன வருடம் நான் வாங்கிய வேனைத் திருத்துகிற பாஸை மடவளையிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். இது எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாஸோ எஞ்சினைக் கேட்டுவிட்டு, "அல்லாவே, தையல் மிசின் மாதிரி ஓடுது சேர்" என்றார். எனக்கும் பரம சந்தோசம். இந்தப் படகை வாங்கினால் இங்கேயே ஓட்டலாம், திருகோணமலைக்கே போக வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

போனில் எடுத்த படத்தை அவள் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உது குளத்திலை ஆக்களை ஏத்திற போட்டப்பா. அடி தட்டை. கடலிலை ஓடினால் ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கி அடிக்கும், முதுகெலும்பு கழண்டு போம்."

பிறகு பழைய பத்திரிகையின் ஓரத்தில் ஒரு படம் கீறிக் காட்டினாள். மீன் பிடிக்கப் பின்பக்கம் வெறுமையாகக் கிடக்க வேண்டும். பயணத்துக்கென்றால் ஒரு கூரையும், உடுப்பு நனையாத ஒரு பெட்டியும், சாய்ந்து உட்கார ஓர் இடமும் வேண்டும். "இரண்டு வேலைக்கும் ஒரு போட் எண்டால் இரண்டிலையும் கொஞ்சம் விட்டுக்குடுக்க வேணும்" என்றாள். கடலைப் பற்றிப் பேசும்போது அவளுடைய முகம் எப்படி இருந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அடுத்த நாளே மடவளைக்குப் போய் பாஸிடம் உண்மையைச் சொன்னேன்.

"பாஸ், திருகோணமலைக்கு நீங்களும் வாங்க. நான் இருமினா மட்டும் ஏதாவது ஒரு குறை சொல்லிருங்க."

"எனக்கு போட்டப் பத்தி ஒண்டும் தெரியாதே சேர்."

"வேனுக்குச் சொல்றதயே சொல்லுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சேர் சொன்னா சரி."

இரண்டாவது படகு ஒடுக்கமானது, வேகமானது. இருமினேன். கியர் உதறுகிறது என்றார். மூன்றாவதில் கூரையும் இருந்தது, பெட்டியும் இருந்தது. அவள் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். எனக்கு இருமல் வந்தது. பாஸ் சற்று யோசித்துவிட்டு, "சைலன்சர்ல புகை கூடவா ஈக்குது" என்றார். விற்பவர் எங்கே சைலன்சர் என்று படகைச் சுற்றித் தேடினார். அவள் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் தம்புள்ளையில் எங்கள் இருவருக்கும் தேநீர் வாங்கித் தந்தாள். பாஸுக்கு இரண்டு ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதே நேரம் வெட்கமாகவும் இருந்தது. முப்பது வருடத்தில் அவள் கேட்ட ஒரே ஒரு பொருளை, கூலிக்கு ஆள் பிடித்துத் தட்டிப் பறித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது படகு பத்தொன்பது அடி நீளம், நல்ல அகலம். முன்பாதிக்குக் குழாயில் கட்டிய கன்வஸ் கூரை, பின்பாதி வெறுமை. இந்த முறை அவள் என்னையும் பார்க்கவில்லை, பாஸையும் பார்க்கவில்லை. ஒரு நாணயத்தை எடுத்து, எஞ்சின் பூட்டுகிற பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டாள். உள்ளே மரம் உளுத்திருந்தால் சத்தம் மாறுமாம். தண்ணீர் ஊறுகிறதா என்று அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். வார்ட்டில் நோயாளியைப் பார்க்கிற அதே நிதானம்.

இருமினேன். பாஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் பலமாக இருமினேன். விற்பவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"நல்ல போட் சேர்" என்றார் பாஸ். "மிஸ் பாத்தா சரி. எனக்கு இதுக்கு மேல பொய் சொல்ல ஏலா." சொல்லிவிட்டுப் போய் ஒரு மரநிழலில் உட்கார்ந்துகொண்டார்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்க முடியாதே என்று அவள் என்னை ஏறச் சொன்னாள். மிதவை அங்கியை மாட்டி, வார்களை அவளே இழுத்துக் கட்டினாள். எஞ்சினை அவளிடம் விட்டுவிட்டு, விற்பவர் முன்னால் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். குடாவுக்குள் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. முனையைத் தாண்டியதும் படகு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. அலை என்றுகூடச் சொல்ல முடியாத அலை. நான் இரண்டு கையாலும் கூரைக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். கரை சின்னதாகிக்கொண்டே போனது.

அவள் எஞ்சினைத் தணித்தாள்.

"இப்ப இருமுங்கோவன்" என்றாள்.

கோபத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கோபம் இல்லை.

"பாஸ் சொல்லிட்டாரா?"

"அந்த மனுசன் ஏன் சொல்லப் போறார்? போட்டுக்குச் சைலன்சர் எண்டேக்கையே எனக்கு விளங்கிட்டுது. ஏன் எண்டுதான் விளங்கேல்லை. இப்ப உங்கடை கையைப் பாக்க அதுவும் விளங்குது."

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "மொதல்லேருந்தே பயம்தான். ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு நெனச்சேன்." இதைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது. சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்று என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் திருப்பினேன்.

அவள் படகின் முன்பக்கத்தை அலைக்கு நேரே திருப்பிப் பிடித்தாள்.

"மடுல்கெல்லைக்கு உங்கடை வீட்டை போகேக்கை பஸ்ஸிலை நான் கண்ணை மூடிக்கொண்டு வாறனான் எல்லோ," என்றாள். "நித்திரை எண்டே நினைச்சனீங்கள்?"

அப்படித்தான் நினைத்தேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் டிக்கெட் எடுத்தவுடனே தூங்கிவிடுவாள் என்று என் வீட்டார் அத்தனை பேருக்கு முன்னாலும் கேலி பண்ணியிருக்கிறேன். தீபாவளி, பொங்கல், சாவு, கல்யாணம் என்று எத்தனை தடவை போயிருப்போம். அவளும் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

"கல்யாணம் முடிஞ்சு முதல்தரம் போகேக்கை, பன்வில தாண்டி ஒரு வளைவிலை யன்னலாலை கீழை பாத்திட்டன். றோட்டே இல்லை, வெறும் பள்ளம். அண்டையிலை இருந்து கண் திறந்ததில்லை. இறங்கிறவரைக்கும் நடுக்கம்தான்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அது உங்கடை ஊரல்லோ" என்றாள்.

எங்களைப் படகு தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. அந்த மலைப் பாதையில் என் பக்கத்தில், என் தோளில் சாய்ந்தபடி, அவள் தனியாகப் பயந்துகொண்டு வந்திருக்கிறாள். நானோ யன்னல் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"திருப்பட்டே?" என்று கேட்டாள்.

"வேணாம். போ." குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "நான் கண்ண மூடிக்கவா?"

"மூடுங்கோ. நான் பாத்து ஓடுறன்" என்றாள்.

மூடிக்கொண்டேன்.