ராத்தா வீட்டு நெட்

என் மகளின் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றியது நான்தான். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. அலாரம் வைக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று காரணங்களை அடுக்கினாள். நெட் இல்லாத போன் என்ன கெடுத்துவிடப் போகிறது என்று போனை மட்டும் அவளிடமே விட்டுவைத்தேன். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. பெற்றோர் கூட்டம் என்றால் பிள்ளைகளும் போனும் பற்றிப் பேச என்னைத்தான் எழுப்பிவிடுவார்கள். நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்த அம்மாக்கள் முன்னால் அரைமணி நேரம் விளாசித் தள்ளுவேன். "எங்க வீட்ல புள்ள கையில போன் இருக்கு, நெட் இல்ல" என்று முடிப்பேன். அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

எங்கள் ஊர் மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரம். தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் சபரில் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ராத்தாவின் கணவரும் துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ராத்தா என்றால் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், தெருவுக்கே ராத்தா. கணவர் போன முறை லீவில் வந்தபோது வீட்டுக்கு வைஃபை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ராத்தா அதற்குப் பாஸ்வேர்டு வைக்கவில்லை. தெரியாமல் இல்லை, வேண்டாம் என்றுதான். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தெருப் பெண்கள் நாலைந்து பேர் அவர் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் துபாயோடும் குவைத்தோடும் பேசுவார்கள். ஒரு கைக்குழந்தை, திரையில் தெரியும் அத்தாவின், அதாவது அப்பாவின், வாயில் முறுக்கை வைத்து அழுத்தும்.

"ஒவ்வொருத்திக்கும் பாஸ்வேர்டு சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா டீச்சர்? தொறந்தே கெடக்கட்டும், நமக்கு நன்மைதானே" என்பார் ராத்தா.

அந்த நன்மையில் எனக்கும் பங்கு கிடைத்தது. ஐப்பசி மழையில் ஒரு வாரம் எங்கள் பக்கம் டவர் படுத்துவிட்டது. எனக்கோ ஆன்லைனில் ஆசிரியர் பயிற்சி. "எங்க நெட்டைப் போட்டுக்கங்களேன்" என்று ராத்தாவாகவே கூப்பிட்டுச் சொன்னார். நடுவில் என் போனில் சார்ஜ் இறங்கிவிட, மகளின் பழைய போனை நானே அந்த நெட்டில் இணைத்துப் பயிற்சியை முடித்தேன். பிறகு அதை மறந்தும் போனேன். போன் மறக்கவில்லை.

பங்குனியில் மாடியில் கூழ் வத்தல் காயப்போட்டேன். காக்கா ஓட்ட நான் போகிறேன் என்று மகள் தானாக முன்வந்தாள். கூப்பிட்ட குரலுக்கு ஒரு நாளும் எழுந்து வராத பெண். பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். நாலாம் நாள் மோர் எடுத்துக்கொண்டு மேலே போனால், காக்கைகள் வேட்டியின்மேல் நடந்து நடந்து நிதானமாக வத்தலைத் தின்றுகொண்டிருக்கின்றன. இவள் தண்ணீர்த் தொட்டி நிழலில், ராத்தா வீட்டுப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, போனில் மூழ்கியிருக்கிறாள். பிடுங்கிப் பார்த்தேன். ஏதோ விளையாட்டு. அதன் ஓரத்தில் யாரோ ஒருவன் எந்த ஊர் என்று கேட்டிருந்தான். தஞ்சாவூர் என்று இவள் போட்டிருந்தாள். எந்த ஸ்கூல் என்பது அடுத்த கேள்வி. அதற்கு இன்னும் பதில் போகவில்லை.

அந்த வெயிலிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, யாரம்மா இவன், எத்தனை நாளாகப் பேசுகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். ஊரார் பெற்றோருக்கெல்லாம் நான் சொல்லும் வழி அதுதான். நான் கேட்கவில்லை. கத்தினேன். விளையாட்டை அழித்தேன், ராத்தா வீட்டு நெட்டையும் போனிலிருந்து எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அவள் மறுபடி இணைத்துக்கொண்டாள். பாஸ்வேர்டுதான் இல்லையே. போனைப் பிடுங்கினாலும் அந்த நெட்டில் போட அவள் அப்பா போன் இருக்கிறது, தோழி போன் இருக்கிறது. ஊற்றையே அடைத்தால்தான் சரிப்படும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ராத்தா வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் பாஸ்வேர்டு வைத்திருப்பார். ஆனால் டீச்சர் வீட்டுப் பெண்ணே இப்படியா என்கிற பேச்சு அன்றைக்கு அஸருக்குள் வாசற்படிக்கு வந்து, அங்கிருந்து குவைத் வரை போய்விடும். என் அரைமணி நேரப் பேச்சு என்ன ஆவது? அதனால் வேறு கதை சொன்னேன்.

"ராத்தா, நெட்டைத் தொறந்து போட்டிருக்கீங்களே, வெளிய நின்னு எவனாவது அதுல தப்புத்தண்டா பண்ணா போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். கனெக்ஷன் அண்ணன் பேர்லல்ல இருக்கு? பாஸ்போர்ட்டையே முடக்கிடுவாங்களாம். பக்கத்து ஊர்ல ஒரு வீட்ல வந்து விசாரிச்சிருக்காங்க."

முதல் வரி எங்கோ வாட்ஸப்பில் படித்தது. பாஸ்போர்ட்டும் பக்கத்து ஊரும் அங்கேயே நின்று நான் கட்டியவை. போலீஸ் வரும் என்றால் எங்கள் வீட்டில் ஒரு அளவுக்குப் பயப்படுவோம், ராத்தா வீட்டில் அதற்கு மேல் பயப்படுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பாஸ்வேர்டு வைப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பெட்டியையே பிடுங்கி, பழைய துப்பட்டியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மாலையில் வந்த பெண்களிடம் ரிப்பேர் என்று சொன்னார். இரண்டு நாள் வந்து பார்த்தார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். என் மகள் மாடிக்குப் போவதும் நின்றது. உறுத்தாமல் இல்லை. ஆனாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, பொரித்த வத்தலைக் கொஞ்சம் ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டு வா என்று மகளை அனுப்பினேன். போனவள் ஒரு மணி நேரம் வரவில்லை. வந்ததும் நிலைப்படியிலேயே நின்றாள்.

"பெரியம்மா அழுவுறாங்கம்மா. நெட்டுக்காகப் போலீஸ் வரும்னு பயப்படுறாங்க. நான்தான் யூஸ் பண்ணேன், கேம்தான் ஆடுனேன்னு சொல்லிட்டேன்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குக் கை எழவில்லை. "அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே மறுபடி நெட் போட்டதும் அவனை பிளாக் பண்ணிட்டேன். நீ கேக்கவே இல்லையே."

அன்று சாயங்காலம் ராத்தாவே வந்தார். மகள் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அப்ப போலீஸ் வராதா?"

"வராது ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "புள்ளைங்க அத்தா இந்த மாசம் லீவுல வர்றதா இருந்தாங்க. ரெண்டு வருசம் கழிச்சு. ஏர்போர்ட்டுல புடிச்சிடுவாங்களோன்னு நான்தான் வர வேணாம்னு அழுது தடுத்தேன். இப்ப அந்த லீவை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். இனி அடுத்த வருசந்தான்."

ஒரு வீட்டின் இரண்டு வருடக் காத்திருப்பை, என் பெயர் கெடக் கூடாது என்பதற்காக நான் கெடுத்திருந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து ராத்தாதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. எங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க. அந்தப் புள்ளையைத் திட்டாதீங்க டீச்சர், தானா வந்து உண்மையச் சொன்னுச்சு பாருங்க."

மகளின் பேனா நின்றுவிட்டது. மாடியில் நான் போனைப் பிடுங்கியது ஒரு நாள், ராத்தா வீட்டுக்குப் போனது அதற்கு மறுநாள் என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் போலீஸ் வந்த கதையை இன்றைக்குத்தான் ராத்தா வாயால் கேட்டிருக்கிறாள். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு பெரிய கணக்கில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். "காபி போடட்டுமா ராத்தா?" என்றுதான் வந்தது.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் பின்னாலேயே வந்து டம்ளர்களை எடுத்து வைத்தாள்.

"இப்ப சொல்லும்மா" என்றாள் மெதுவாக. "நான் கூட நிக்கிறேன்."

காபியை ஆற்றி அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.