பொய் சொல்லாத சரஸ்வதி

நேற்றுத் தன் கையால் வாங்கிவைத்த பொருளை, இன்று "நான் வாங்கவே இல்லை" என்று ஒருத்தி சாதிக்கிறாள். அவள் பொய்யும் சொல்லவில்லை. அது எப்படி?

1986-இல் திருச்சுழிக் கடைத்தெருவில் இந்தக் கேள்வி நாள்கணக்காக உருண்டுகொண்டிருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை. மற்றவர்கள் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பொன்ராஜால் அப்படிப் போக முடியவில்லை. கேள்வி அவர் மனைவியைப் பற்றியது.

பொன்ராஜுக்குப் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அவர் மத்தியானம் சாப்பிடப் போகும்போதும், விருதுநகருக்குச் சரக்கு எடுக்கப் போகும்போதும் சரஸ்வதி கடையில் உட்காருவாள். பாலவனத்தத்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடைக்கு வரும் ஆட்களின் பெயரை மட்டுமல்ல, அவர்கள் வீட்டு மாட்டின் பெயரைக்கூடத் தெரிந்துவைத்திருப்பாள். "செவலைக்குக் கால்வீக்கம் வத்திருச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் தராசைத் தொடுவாள்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மடிப்பு உண்டு. பொட்டலத்தைப் பார்த்தாலே எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிவிடலாம். பொன்ராஜ் கடை மடிப்பு சதுரம். நான்கு மூலையும் உள்ளே போய், மேலே சணல் ஒரே முடிச்சாக நிற்கும். கல்யாணமான முதல் வாரத்தில் பொன்ராஜ் அதைச் சொல்லிக்கொடுத்தபோது, சரஸ்வதி அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள்.

"இதுல என்னங்க இருக்கு? பிள்ளைக்கு இடுப்புத்துணி கட்டுற மாதிரிதானே!"

பொன்ராஜ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சீரகம் சிதறிப்போனது.

அப்படி இருந்த வீட்டில்தான் வினை வந்தது. பள்ளிக்கூடத்து ராஜகுரு வாத்தியார் ஒருநாள் வந்து, "ஏம்மா, நேத்து என்னைப் பாத்து 'யோவ் வாத்தியாரே, தள்ளி நில்லு'ன்னு அதட்டுனியே, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார். சரஸ்வதி பதறிப்போனாள். "ஐயா, நானா? உங்களையா? நான் அப்படிப் பேசவே இல்லையே!" வாத்தியார் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். ஆனால் கடையில் நின்ற நாலு பேர் முதல்நாள் அதைக் காதால் கேட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் பரளச்சியிலிருந்து ஒச்சம்மாள் வந்தாள். தூக்குவாளியை முதல்நாள் சரஸ்வதியிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"என் வாளியக் குடு தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எந்த வாளி? நேத்து நீங்க வரவே இல்லையே?"

"அடி ஆத்தி! இந்தா, இந்த எடத்துல நின்னுதானே குடுத்தேன்? சிரிச்சுக்கிட்டே வாங்குனியே! பொட்டுக்கடலை வேற மடிச்சுக் குடுத்தே!"

தேடினார்கள். வாளி பருத்திக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே யாரோ விளையாடிவிட்டு வைத்ததுபோலப் புளியங்கொட்டை நிறையக் கிடந்தது.

பொன்ராஜின் அக்கா ராமலட்சுமி அங்கேயே இருந்தாள். கணவன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"ஏலே பொன்ராசு, பாத்துக்கோ. காய்ச்சல்னா ஊசி போடலாம். பேயின்னா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாம். பொய்க்கு என்னலே வைத்தியம்? ஏவாரம் பண்ற வீட்டுல வாயைத் தொறந்தா பொய் சொல்றவள வச்சுக்கிட்டு, நாளைக்கு எவன் நம்ம கடைப்படி ஏறுவான்?"

"மதினி, சத்தியமா எனக்குத் தெரியாது மதினி," என்றாள் சரஸ்வதி.

"சத்தியம் வேறயா!"

சரஸ்வதியின் அண்ணன் தங்கசாமிக்கு அன்றைக்கே கடிதம் போனது. வெள்ளிக்கிழமை வந்து தங்கையைக் கூட்டிப் போய்விட வேண்டும். திரும்ப எப்போது அனுப்புவது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

பொன்ராஜ் அதைத் தடுக்கவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. அவருக்கும் அவள் பொய் சொல்கிறாள் என்றுதான் பட்டது.

"நீங்களும் நம்பலையா?" என்று கேட்டாள். அவர் வேஷ்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நேத்து மத்தியானமே இல்லைங்க. சோறு வடிச்சது தெரியுது. அப்புறம் விளக்கு ஏத்துனது தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்லை. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

இப்படி ஒரு பொய்யை ஒருத்தி இட்டுக்கட்டுவாளா என்று பொன்ராஜுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. மறுநாள் பரளச்சி பஸ்ஸைப் பிடித்து ஒச்சம்மாள் வீட்டுக்கே போனார். பொட்டுக்கடலைப் பொட்டலம் அடுப்படியில் பிரிக்காமல் இருந்தது. வாங்கித் திருப்பிப் பார்த்தார். அது சதுரம் இல்லை. விரல்தண்டிக்கு ஒல்லியான நீளக் கூம்பு. சணலே இல்லை, வாயைத் திருகி விட்டிருந்தது. மூன்று வருஷத்தில் சரஸ்வதி கூம்பு மடித்து அவர் பார்த்ததே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பேப்பரைக் கொடுத்து, "ஒரு கூம்பு மடி பாப்போம்" என்றார். அவள் இரண்டு தரம் முயன்றாள். இரண்டு தரமும் அடியில் ஓட்டை விழுந்து கடலை கொட்டியது. "எனக்கு இது வராதுங்க. ஏன் கேக்கறீங்க?"

அதற்குப் பிறகு தெருவில் ஒரு கூத்து நடந்தது. பொன்ராஜ் வாடிக்கைக்காரர்களிடமெல்லாம், "வீட்டுல எங்க கடைப் பொட்டலம் பிரிக்காம இருந்தா கொண்டாங்க, பாத்துட்டுத் தாரேன்" என்று கேட்க ஆரம்பித்தார்.

"என்ன பொன்ராசு, பழைய பேப்பரைத் திரும்ப வாங்குற அளவுக்கு நொடிச்சுப் போயிட்டியா?" என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. அவர் காதில் வாங்கவில்லை. இரண்டே நாளில் இருபது பொட்டலம் சேர்ந்தது. பன்னிரண்டு சதுரம். ஐந்து கூம்பு. மிச்சம் மூன்று வேறொரு மாதிரி: இறுக்கிப் பிடித்த நீள்கட்டு, சணல் மூன்று சுற்று, எல்லாம் இடதுகைக்காரர் சுற்றுகிற பக்கமாக. சரஸ்வதிக்கு வலதுகைப் பழக்கம்.

ஒரு மடிப்பு மறதியால் மாறலாம். கை எப்படி மாறும்?

புதன்கிழமை மத்தியானம் வண்டியில் பருத்திக்கொட்டை வந்து இறங்கியது. பொன்ராஜ் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கவனித்தார். மூட்டை உள்ளே வந்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கு வாடை பரவியதும் சரஸ்வதி நெற்றியைத் தேய்த்தாள். கண்ணை நாலைந்து தரம் படபடவென்று இமைத்தாள். தோள் இறங்கியது. பிறகு ஸ்டூல்மேல் இரண்டு காலையும் தூக்கிவைத்துக்கொண்டு, ஒரு பேப்பரை எடுத்துச் சர்ரென்று கூம்பு சுற்றிப் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டாள். அடியில் ஓட்டை விழவில்லை.

பொன்ராஜ் மெதுவாக வெளியே வந்தார். அவள் அவரை முன்பின் தெரியாதவர்போலப் பார்த்தாள்.

"நீ யாரு தாயி?" என்றார். ஏன் அப்படிக் கேட்டார் என்று பின்னாளிலும் அவருக்குச் சொல்லத் தெரிந்ததில்லை.

"பாப்பா." குரல் எட்டு வயசுக் குரல். "நீங்க கதவச் சாத்திருவீகளா?"

"சாத்தமாட்டேன்."

"பூட்டு?"

"பூட்டும் போடமாட்டேன். இந்தா பாரு, தொறந்துதான் கெடக்கு."

அவள் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, கூம்பிலிருந்து ஒரு கடலையை எடுத்து அவர் கையில் வைத்தாள். பொன்ராஜ் அதை வாங்கிக்கொண்டார். "ஏம்மா, உன்னை யாரு பூட்டுனா?" என்று கேட்டுவிட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. அவள் முகம் இறுகியது. காலைக் கீழே போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடதுகை சணல்கண்டை எடுத்தது.

"யோவ் கடைக்காரரே, சின்னப் பிள்ளைகிட்ட என்னய்யா கேள்வி? எதுனாலும் என்கிட்டக் கேளு."

"நீங்க... யாரு?"

"வடிவு. நான் இருக்கவரைக்கும் அதை ஒரு பய தொட முடியாது. நீயும் தள்ளியே நில்லு."

பொன்ராஜ் தள்ளி நின்றார். பயம் இருந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. அந்த நிம்மதி பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தங்கசாமி வந்தார். சரஸ்வதி டிரங்குப்பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ராமலட்சுமி பேச ஆரம்பிக்கும் முன்பே பொன்ராஜ் பாயில் மூன்று பொட்டலத்தை வரிசையாக வைத்தார்.

"மச்சான், இந்த மூணையும் உங்க தங்கச்சிதான் மடிச்சா. ஆனா மூணையும் ஒரே ஆளு மடிக்கலை."

"பொட்டலத்த வச்சுப் பஞ்சாயத்துப் பண்ண வந்துட்டான்," என்று ராமலட்சுமி சிரித்தாள். "உள்ள என்னலே இருக்கு, மூளையா?"

தங்கசாமி சிரிக்கவில்லை. கூம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உதடு கோணியது.

"இது நான் சொல்லிக்கொடுத்தது மாப்ளை."

பிறகு விட்டுவிட்டுச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்தபோது சரஸ்வதிக்கு எட்டு வயசு, அவருக்குப் பன்னிரண்டு. வளர்த்தது சித்தப்பா. "எதுக்கெடுத்தாலும் இவளைப் போட்டு அடிப்பாரு. அடிச்சுப் பருத்தி போட்டுவைக்கிற ரூமுல தள்ளிப் பூட்டிருவாரு. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை மாப்ளை, நாலு வருசம். சோறு கெடையாது. சன்னல் கம்பி இடுக்குல நுழையுற மாதிரி ஒல்லியா மடிச்சு, பொட்டுக்கடலை உள்ள தள்ளுவேன். உள்ளுக்குள்ள இருந்து இவளும் வெறும் பேப்பரை அப்படியே மடிச்சு வெளிய தள்ளுவா. பயந்துக்கிட்டு நான் யாருகிட்டயும் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை."

"எனக்கு அப்படி ஒண்ணு ஞாபகமே இல்லையே அண்ணே," என்றாள் சரஸ்வதி.

ராமலட்சுமிதான் கேட்டாள்:

"அந்தச் சித்தப்பா இப்ப எங்க இருக்காரு?"

"அதே வீட்டுலதான். எங்களோடதான் இருக்காரு."

ராமலட்சுமி எழுந்து போய் டிரங்குப்பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். திரும்பி வந்து தங்கசாமியிடம், "இலை போடுறேன், சாப்பிட்டுட்டு பஸ் ஏறு. அவ வரமாட்டா" என்றாள். அடுப்படிக்குப் போனவள் அங்கே நின்று அழுததைப் பொன்ராஜ் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மதுரையில் மனநல டாக்டரம்மா ஒருவர் இருப்பதைச் சொன்னதும், கூட வந்து சேர்த்துவிட்டதும் ராஜகுரு வாத்தியார்தான். "என்னை அதட்டுனது வடிவுதானே, சரஸ்வதிக்கு என்ன கோபம் என்மேல?" என்று சொல்லிக்கொண்டார். டாக்டரம்மா பல நாள் பேசிப் பார்த்தபின், கடைக்காரருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார்:

"ஒரு பெரிய மூட்டையைத் தூக்கச் சொன்னா எட்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? பிரிச்சுச் சின்னச் சின்னப் பையில போடும். தாங்க முடியாத கொடுமையை இவ மனசு அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கு. ஒரு பையில இருக்கறது இன்னொரு பைக்குத் தெரியாது. அந்த வாடையோ, பூட்டுச் சத்தமோ, கேள்வியோ பழைய பயத்தைக் கிளப்பினா, எந்த ஆளு அதைச் சமாளிக்குமோ அந்த ஆளு முன்னால வந்துடும். இவ வேணும்னு செய்யறதில்லை."

"மத்த ரெண்டு பேரையும் எப்பம்மா வெரட்டுவீங்க?" என்று கேட்டார் பொன்ராஜ்.

"வெரட்டறதா? இவளை இத்தனை வருஷம் உசுரோட காப்பாத்துனதே அந்த ரெண்டு பேர்தான். அவங்களும் இவதான். மரியாதையா நடத்துங்க. வேடிக்கை பாக்க வரவழைக்காதீங்க. பயந்தா, இது எந்த ஊரு, என்ன கிழமை, யாரு பக்கத்துல இருக்கான்னு நிதானமாச் சொல்லுங்க."

ஊசியில் ஒரே நாளில் தீருகிற காரியமில்லை என்றும் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை காரியாபட்டி வழியாக பஸ்ஸில் போய்வந்தார்கள், ஏழு வருஷம். பொன்ராஜ் பருத்திக்கொட்டை விற்பதை நிறுத்தினார். "மாட்டுக்குத் தீனி இல்லாத கடை என்ன கடை?" என்று மாடு வைத்திருந்த சம்சாரிகள் முணுமுணுத்தார்கள். பக்கத்துக் கடைக்குக் கைகாட்டிவிட்டார்.

மாறியவர்களில் பெரிய ஆள் ராமலட்சுமிதான். பாப்பா வரும் மத்தியானங்களில் கூட உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவாள். தோற்றுவிட்டு, "அம்பது வயசுல எட்டு வயசுக்கிட்டத் தோக்குறேன், இதை வெளிய சொன்ன, தொலைச்சுருவேன்" என்பாள். வடிவு வந்தால், "வா வடிவு, காப்பி குடிக்கிறியா?" என்று கேட்பாள். வடிவு முதல் இரண்டு வருஷம் காப்பியை வாங்கவே இல்லை. மூன்றாம் வருஷம் வாங்கினாள்.

1989-இல் மகள் பிருந்தா பிறந்தாள். தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு ஆள் மாறுவது அபூர்வமாகிவிட்டது. வந்தாலும் நடந்ததில் பாதி சரஸ்வதிக்கு ஞாபகம் இருந்தது. சித்தப்பா இறந்த செய்தி வந்த அன்று மூன்று பேரும் மாறி மாறி வந்தார்கள். பொன்ராஜ் கடையைத் திறந்துவைத்தபடியே, நாள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிழமையும் ஊரும் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் சரஸ்வதி, "போதுங்க, செவ்வாய்க்கிழமைன்னு நூறு தரம் சொல்லிட்டீங்க" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

தன் பெயரைப் போட்டு எழுத அவளே சம்மதம் சொன்னாள். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவிலும், "நான் செய்யலை, எனக்குத் தெரியாது" என்று அழுதுகொண்டு ஒருத்தி நிற்கக்கூடும். அவளைப் பொய்க்காரி என்று பெட்டி கட்டி அனுப்பும் முன், அந்த வீட்டாருக்குச் சரஸ்வதியின் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.