தலைகீழாய்த் தைத்த எண்

இருபத்திரண்டு வருடத் தையலில் அவர் வைத்த பொத்தான் ஒன்றுகூட யார் சட்டையிலிருந்தும் உதிர்ந்ததில்லை. படப்பிடிப்புத் தளத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட உடையறையில் அவருக்கு ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஓர் ஆளுயரக் கண்ணாடி. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அப்பேர்ப்பட்ட கைக்காரருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளில்தான் அது நடந்தது.

அப்போது ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடரில், நூறு பேரைப் பாழடைந்த வணிக வளாகம் ஒன்றில் அடைத்து வைத்திருந்தார்கள். வாரம் ஒரு விளையாட்டு. தோற்றவர்கள் சாக வேண்டும், கடைசியில் மிஞ்சுகிற ஒருவருக்குப் பரிசு. எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, நெஞ்சில் எண். 68 ஒரு சாதுவான தபால்காரர். இரண்டாம் வாரமே நகரும் படிக்கட்டிலிருந்து விழுந்து செத்துப்போனார். மாஸ்டரின் மனைவிக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. 89 ஒரு முரடன், அடுத்தவன் ரொட்டியைப் பிடுங்கித் தின்கிறவன். காய்ச்சல் மயக்கத்தில் மாஸ்டர் இந்த முரடனின் எண் துண்டைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். 89 போய் 68 ஆகிவிட்டது.

யார் கண்ணிலும் படாமல் மூன்றாம் வாரம் ஒளிபரப்பும் ஆகிவிட்டது. டிவியில் பார்த்தபோதுதான் மாஸ்டருக்கே தெரிந்தது. மறுநாள் காலை, வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டி, சொந்தக் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், ஊரே இதத்தான் பேசுது. செத்துப்போன தபால்காரர் அந்த முரடன் உடம்புல வந்துட்டாராம்."

"மன்னிச்சிடுங்க சார். துண்டு தலைகீழாப் போயிடுச்சு."

"அத வெளிய சொல்லிடாதீங்க. ஆறு மாசமா யோசிச்சு வெச்ச திருப்பம்னு பேட்டி குடுத்துட்டேன்."

நான்காம் வாரத்திலிருந்து முரடன் திருந்தினான். ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்தான். கீழே கிடந்த காகிதங்களைப் பொறுக்கி, பதிவுத் தபால் போல ஆளுக்கொன்றாக நீட்டிக் கையெழுத்து வாங்கினான். என்ன அருமையான பாத்திர வளர்ச்சி என்று பத்திரிகைகள் எழுதின. மாஸ்டர் வீட்டில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார்.

"தையல் தப்பும்மா அது. வேற ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு மெஷின் ஓட்டத் தெரியும், கதை புரியாது," என்றாள் மனைவி. "பேசாம பாருங்க."

அதன்பின் கதாசிரியர் தினமும் உடையறைக்கு வரத் தொடங்கினார்.

"இன்னிக்கு ஏதாவது தப்பாயிருக்கா மாஸ்டர்?"

"இல்லையே."

"நல்லாப் பாருங்க. ஒரு தையலாவது பிரிஞ்சிருக்கும்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே கோணலாகத் தைக்க உட்கார்ந்தாலோ கை கேட்கவில்லை. பெரும்பாடு பட்டு, கதாநாயகியின் சட்டையில் இடது கையை மட்டும் நீளமாக விட்டார். மறுநாள் வந்த வசனத் தாளில் அவளுக்கு இடது கையே இல்லை.

அவள் கண் கலங்கியபடி உடையறைக்கு வந்து நின்றாள். "மாஸ்டர், இதுக்கப்புறம் நான் வேற இடத்துலயும் நடிக்கணும். எனக்குக் கை வேணும்."

அவர் அந்தக் கையைப் பிரித்து அளவாகத் தைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்த கதாசிரியர், அவள் இவ்வளவு நாளும் கையைச் சட்டைக்குள் மடக்கி வைத்து எல்லோரையும் ஏமாற்றியதாக எழுதிவிட்டார்.

செய்தி பரவியது. அந்த வாரம் சாக வேண்டியவர்கள் முந்தின நாளே வந்து மெஷினைச் சுற்றி நின்றார்கள். கதையில் செத்தால் வேலையும் போச்சு, பிள்ளைகுட்டிக்காரர்கள். மாஸ்டர் யாரையும் கைவிடவில்லை. ஒருவருக்கு உள்பை வைத்தார். அதற்குள்ளிருந்து வளாகத்தின் சாவி கிடைத்தது. இன்னொருவருக்கு முதுகில் ஒட்டுப் போட்டார். அவர் மாறுவேடப் போலீஸ்காரர் ஆனார். ஒல்லியான ஒருவருக்குத் தொளதொளவென்று தைத்தார்; அந்தச் சட்டைக்குள்ளேயே அவருடைய இரட்டைச் சகோதரன் ஒளிந்திருந்தது பத்தாம் வாரத்தில் தெரிய வந்தது.

இப்படியே பதினோரு வாரம் ஒரு சாவு விழவில்லை. தொலைக்காட்சித் தலைவர் கதாசிரியரையும் மாஸ்டரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"உயிர் பிழைக்கிற விளையாட்டுன்னு சொல்லிட்டு எல்லாரும் பிழைச்சுட்டா எப்படிய்யா?"

கதாசிரியர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரத்தக் கறை பட்டா அந்த மஞ்சத் துணியில போகாது சார்," என்றார்.

அதில் தலைவருக்கு ஏதோ பெரிய ஆழம் தெரிந்திருக்க வேண்டும். அப்படியே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கடைசி வாரம் அறுபத்தோரு பேர் கைகோத்துக்கொண்டு வளாகத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஜெயித்த ஒருவர் நிற்பதற்காகச் செய்திருந்த மேடையில் அத்தனை பேரும் ஏறினார்கள். பலகை முறிந்து கொத்தாகச் சரிந்தார்கள். யாருக்கும் அடியில்லை. அதையும் வெட்டாமல் காட்டினார்கள்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காரு அந்த மனுஷன்."

சரிந்து கிடந்த கூட்டத்தில் ஒருவருக்குக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எழுந்து போய் டிவித் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"நாளைக்கு அவர வரச் சொல்லணும்," என்றார்.