தெற்குச் சுவரில் மாட்டிய வரைபடம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இடது வலது கிடையாது, எல்லாமே திசைதான். பந்தியில் உட்கார்ந்தால்கூட, "அவியலைக் கொஞ்சம் வடக்க தள்ளி வையும்" என்பார்கள். வெளியூர்க்காரன் கரண்டியோடு முழிப்பான். நானும் இதைச் சொல்லிச் சிரித்தவன்தான். டவுன் ஆபீசில் வரைபடம் வரையும் வேலைக்குப் போனபிறகு அந்தச் சிரிப்பு போயிற்று.

சுசீந்திரத்திலிருந்தும் ஆரல்வாய்மொழியிலிருந்தும் பஸ்கள் வரத் தொடங்கியிருந்த காலம். ஊர் பெருகப் போகிறது, சந்தை ரோடு இந்த அகலத்துக்குத் தாங்காது என்றார் எஞ்சினீயர். அது வடக்குத் தெற்காகப் போகும் ரோடு. ஒரு பக்கத்தை எடுத்தால் போதும். மேற்கே பெரும்பாலும் காலிமனை. குடியிருந்தவர் ஒரு தையற்காரர் மட்டும். அங்கே சிவப்புக் கோடு போடச் சொன்னார்.

"படம் ஒரு மாசம் ஆபீஸ் சுவர்ல தொங்கட்டும். மேக்கேயிருந்து எவனாவது ஆட்சேபம் எழுதித் தந்தா, கோட்டைக் கெழக்கே மாத்திரலாம்."

கிழக்கே இருந்தது என் அக்கா வீடு. அத்தான் போனபிறகு மூன்று பெண்பிள்ளைகளோடு அவளுக்கு மிஞ்சியது அந்தக் கூரை மட்டுமே. அந்த மாதம் முழுவதும் ஆபீஸ் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே மேற்கேயிருந்து ஆள் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது தையற்காரர் வந்தார். வேலை கிடைத்ததும் எனக்கு முதல் சட்டை தைத்துத் தந்தவர். எழுத்து வாசனை இல்லாதவர். வரைபடம் தெற்குச் சுவரில் இருந்தது. அதைப் பார்த்து நின்றவர், ரோட்டுக்கு இடப்பக்கம் ஓடிய சிவப்புக் கோட்டில் விரல் வைத்தார்.

"இது கெழக்குல்லா? அப்போ நம்ம வீட்டுக்கு ஒண்ணுமில்ல. தப்பிச்சேன் மக்கா!"

தெற்கே பார்த்து நிற்பவனுக்கு இடக்கை கிழக்குதான். காகிதத்தில் மேலே வடக்கு, இடப்பக்கம் மேற்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் சட்டென்று வாடியது. "ஐயோ, அப்போ உங்க அக்கா வீடுல்லா போவும்? நான் வேணும்னா அவளுக்காவ ஒரு மனு எழுதச் சொல்லட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி," என்றேன். எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்று இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

கெடு முடிந்தது. ஆட்சேபம் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த மாதம் அவர் வாசலில் கல் நட்டார்கள். வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வந்த நோட்டீசை வாசித்துக்காட்டச் சொல்லி அவர் என்னிடமே வந்தார்.

"தெச தெரியாத மடையனாப் போனேன் மக்கா. நீ அன்னைக்குக் கவனிச்சிருந்தா சொல்லியிருப்ப."

நோட்டீசை முழுக்க வாசித்தேன். அதோடு இணைத்திருந்த வரைபடத்தையும் விரித்துக் காட்டினேன். அதன் அடியில், வரைந்தவர் என்ற இடத்தில் இருந்த என் பெயரை மட்டும் வாசிக்கவில்லை.